பங்களாவின் புகைபோக்கி

நானும் என் கணவரும் காவலிருக்கும் பங்களாவைக் கட்டியவர் காப்பித் தோட்டம் போட வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். தன் ஊர் மாளிகையை அப்படியே ஏற்காட்டில் எழுப்பிவிட்டார். மூலையில் வட்டக் கோபுரம், முழுக்கையை நீட்டினாலும் மிச்சமிருக்கும் கனத்தில் கற்சுவர், வெண்பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தான கூரை. இங்கே வெண்பனிக்கு எங்கே போவது? மூடுபனிதான் வந்து உட்கார்ந்துகொள்ளும். குளிர்காய அறைக்கொரு கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் இதையெல்லாம் சொல்ல, விருந்தாளிகள் நின்று கேட்பார்கள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளை பெற்றாள். எங்கள் குடியிருப்பு ஒழுகியதால், மழை முடியும்வரை கோபுர அறையில் இருக்கச் சொன்னார் முதலாளி. எனக்கு நிம்மதி போனது. பிள்ளை பெற்றவள் அறைக்குள் காற்று நுழையக் கூடாது. சன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி திணித்தேன். ஆனால் கணப்புக்கு மேலே அவ்வளவு பெரிய ஓட்டை?

"ஏனுங்க, வானத்துக் குளிரெல்லாம் அது வழியாத்தானுங்க எறங்குது" என்று கணவரிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"உன்ற வாய் வழியா வாரதைவிடக் கம்மிதான் புள்ள."

சாயங்காலம் குளிர் தாங்காமல் கணப்பை மூட்டினேன். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பியது. பிள்ளையை அள்ளிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அவன் அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. முதுகைத் தட்டினேன். பிறகு ஒரு தும்மல். அப்புறம் எஸ்டேட்டுக்கே கேட்கும் அழுகை.

ஓடி வந்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பொலம்பறது தாங்காம மத்தியானந்தான் மேல ஏறிச் சாக்கை வெச்சு அடைச்சேன்!"

"சொல்ல வேண்டாமுங்களா?"

"சொன்னா, கூரையில ஏன் ஏறுனீங்கன்னு அதுக்கொரு பாட்டுப் பாடுவ."

மகள் இருமிக்கொண்டே சிரித்தாள். "ரெண்டு பேரும் எம்பையனுக்குக் காவலிருந்தது போதுஞ்சாமி."

தீயை அணைத்து, சன்னல்களை நானே திறந்துவிட்டேன். அவர் பாசி வழுக்கும் கூரையில் மறுபடி ஏறினார். மேலே ஏதோ சரியும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கணப்புக்குள் தலையை விட்டு, "ஏனுங்க!" என்று கத்தினேன். முகத்தில் கரி கொட்டியது. பின்னாலேயே அவர் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"எடுத்துட்டேன் புள்ள. சாமி அழுவறானா?"

திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் நின்ற மகளின் தோளில் அவன் அழுகையை நிறுத்திவிட்டு, குரல் வந்த பக்கம் கண்ணை விரித்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க. உங்களைத்தான் தேடறான். பாத்து எறங்குங்க."

அவர் தரையில் கால் வைத்த சத்தம் கேட்கும்வரை மறுபடி கணப்புக்குள் விட்ட தலையை நான் எடுக்கவில்லை.