கழுத்து வரை பெட்ரோல்

ரவ்த்னாவைப் பற்றிக் கேட்டால், வடகோடிப் பனியில் மான் மேய்க்கும் எங்கள் ஊரில் பாதிப்பேர் "அடங்காதவள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். போன நவம்பர் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் புருஷன் இஸ்ஸாத், ஏரியில் பனிக்கட்டி உடைந்து செத்துப்போனான். அவர்களுக்குப் பனிமான்கள் எத்தனை என்று எழுத மாட்டேன். எங்களில் அதைக் கேட்பது அடுத்தவன் மடியில் கை விடுவதற்குச் சமம். அந்த மான்கள் இனி யாருக்கு என்பதுதான் வழக்கு. "அண்ணியால முடியாது, என் மந்தையோட சேர்த்துக்கிறேன்" என்றான் இஸ்ஸாத்தின் தம்பி ஹேய்க்கா. ஊர்க்கூட்டம் ஒரு விதி போட்டது: முதல் பனியில் மந்தையைத் திரட்டக் கிளம்பும் காலை, அவள் தன் பனி வண்டியோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் மான்கள் ஹேய்க்காவுக்கு. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெட்கக்கேடு.

அவளோ ஆகஸ்டிலேயே, கொசு பிய்த்துத் தின்கிற மாதத்தில், புதுப் பனி ஸ்கூட்டர் ஒன்றைக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கடையில் ஓட்டிப் பார்க்க ஊற்றிய பெட்ரோல் அரை டேங்க் இருந்தது. வேடிக்கை பார்க்க நாங்கள் போனோம்.

"அண்ணி, பெட்ரோல உறிஞ்சி வெளிய எடுத்துருங்க. பனி விழுறதுக்குள்ள கெட்டுப்போயிரும். நான் மே மாசமே என் வண்டியக் காலி பண்ணிட்டேன்" என்றான் ஹேய்க்கா.

"உன் வண்டி, உன் இஷ்டம்."

வண்டியோடு வந்த புத்தகத்தை அவள் விரல் வைத்துப் படித்தாள். பெட்ரோல் கெடாமலிருக்க ஒரு மருந்து ஊற்றினாள். அதன் மேல் கேனைக் கவிழ்த்துக் கழுத்து வரை நிரப்பினாள். பிறகு வண்டியின் பின்பக்கத்தைக் கட்டையில் ஏற்றி, பத்து நிமிடம் எஞ்சினை உறும விட்டாள்.

"ஏம்மா, இதுல ஏறி பெர்ரி பறிக்கவா போற?" என்றேன்.

"ஆமாண்ணே. பின்னாடி ஏறிக்கோங்க, வாளி பிடிக்க ஆள் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மருந்து எஞ்சினுக்குள்ள வரைக்கும் போகணும். டேங்க்ல இடம் விட்டா காத்து வரும், கூடவே ஈரமும் வரும்" என்றாள்.

"புஸ்தகம் படிச்சவங்க சொல்றாங்க, கேட்டுக்கோங்கப்பா!" என்றான் ஹேய்க்கா.

நவம்பரில் பனி விழுந்தது. கிளம்பும் காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. ஹேய்க்காவின் முற்றத்தில் கூடினோம். ரவ்த்னா தன் கொட்டகைக்குள் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்கும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. ஒன்று. இரண்டு. ஹேய்க்கா புன்னகைத்தான். அவன் மூஞ்சியில் ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையும் தானுமாக அவள் எங்கள் நடுவே வந்து நின்றாள்.

பிறகு ஹேய்க்கா தன் கயிற்றை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு இழுத்தான். காலி டேங்க் கோடையெல்லாம் உள்ளே வேர்த்திருக்கிறது. அந்தத் தண்ணீர், முந்தின நாள் ஊற்றிய பெட்ரோலோடு குழாயில் இறங்கி உறைந்துவிட்டது.

"ஒரு மணி நேரம் பொறுங்கப்பா, சூடு காட்டினா சரியாயிரும்" என்றான்.

"வெளிச்சமே நாலு மணி நேரம்தான்" என்றேன்.

ரவ்த்னா என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, வண்டியோட வராதவங்க மான் யாருக்குன்னு கூட்டத்துல சொன்னீங்க?"

ஹேய்க்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாத. உன் மானை நீயே வச்சுக்கோ. எனக்கு அடுத்தவங்க மான் வேணாம்" என்று அவள் இருக்கையில் முன்னால் நகர்ந்தாள். "பின்னாடி ஏறு."

ஏறினான். எங்கள் ஊரில் மீசை வைத்த எவனும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினான்.

"பக்கத்துல கம்பி இருக்கு பாரு. இத்தனை வருசமா நாங்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தோம்" என்றாள் ரவ்த்னா.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் கிளப்பினாள். நாங்கள் அவள் தடத்திலேயே போனோம்.