அண்ணாச்சி போகாத பரிசோதனை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புளியறையில் லாரிக்குச் சுமை ஏற்றினேன், சுரண்டையில் மூட்டை தூக்கினேன். சாரல் விழுந்தால் மட்டும் ஐந்தருவிக்கு வந்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பேன். என்னோடு ஒரே பலகையில் தேய்த்தவரை அண்ணாச்சி என்பேன். வாயில் புகையிலை இல்லாமல் அவருக்குக் கை ஓடாது, எனக்கும்தான்.

ஒரு சீசனில் பஸ் நிற்கிற இடத்தில் வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்குக் கொட்டகை போட்டார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும், காசே வேண்டாம் என்று நர்ஸம்மா எங்களிடமே வந்து சொன்னார். அண்ணாச்சிக்குக் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு புண். காரம் பட்டால் துடிப்பார். எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த அட்டையைத் தேடி எடுத்தார்.

"ஏலே, ஒரு எட்டு காட்டிட்டு வந்திருதேன்."

"அண்ணாச்சி, ஓசின்னா உமக்குப் பேதி மருந்தும் இனிக்குமோ?" என்றேன். பக்கத்துப் பலகைக்காரர்கள் சிரித்தார்கள். "வாயில சீக்குன்னு தெரிஞ்சா எவன் நம்ம பலகையில வந்து படுப்பான்?"

அவர் உடம்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பலகை எனக்கும் சேர்த்துத்தான்; ஆள் வராவிட்டால் என் கூலியும் போகும். அவர் கொட்டகையைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எங்களிடம் தேய்க்க வருகிறவர்கள். அட்டையைத் திரும்ப வைத்துவிட்டார்.

"சாரல் முடியட்டும்லே."

சாரல் முடிந்ததும் நான் கேரளாவுக்கு பஸ் ஏறிவிட்டேன். ஞாபகப்படுத்தக்கூட இல்லை.

அடுத்த சாரலுக்கு வந்தபோது பலகையில் வேறொருவர் இருந்தார். தென்காசியில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கத் தாடையை எடுத்துத் தைத்திருந்தார்கள்; பேச்சு வரவில்லை. அந்த ஆபரேஷனும் அதே அட்டையில்தான் நடந்ததாம்.

"முன்னாடியே காட்டிருந்தா இம்புட்டு வெட்டிருக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார் அவர் மனைவி. "யாரு தடுத்தான்னு கேட்டா அவரு பாட்டுக்குக் கிடக்காரு, எழுதிக்கூடக் காட்ட மாட்டேங்காரு."

அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாள் தந்த காப்பியைக் குடித்தேன்.

கிளம்பும்போது அவர் என் கன்னத்தைப் பிடித்தார். திற என்று சைகை. மனைவியின் போன் வெளிச்சத்தை அடித்து, என் வாய்க்குள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். காப்பி குடித்த கையோடு நான் அடக்கிய புகையிலை நாக்கடியில் இருந்தது. அதைத் துப்பும்படி வாசலைக் காட்டிவிட்டு, தன் அட்டையை எடுத்து ஆட்டினார். என்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

இருக்கிறது என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் தென்காசி ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை.