எதிர்ப் பட்டறைக்கு அனுப்பிய சலீம்

இன்று எம்.பி.ஏ. இன்டர்வியூ. ஸ்ட்ராட்டஜி எல்லாம் இலவச வீடியோ பார்த்து நானே படித்ததுதான். கிளம்பும்போது பேக் ஜிப் பிய்ந்துவிட்டது.

தாராவியில் எங்கள் சந்திலேயே பேக் தைக்கிற பள்ளித் தோழன் சலீமிடம் ஓடினேன்.

"இந்த சைஸ் ஜிப் எங்கிட்ட இல்லலே. எதுத்தாப்ல முருகன் பட்டறைக்குப் போ."

"அவன் உனக்குப் போட்டியில்லா?"

"போட்டிதான். ஆனா பெரிய ஆர்டர் வந்தா பாதிய அவன்தான் தைக்கான். அவனுக்கு வந்தா பாதி எனக்கு. இல்லன்னா சொன்ன தேதிக்கு சரக்கு போவுமாலே? பேசிட்டு நிக்காத, டிரெயின் போயிரும்."

முருகன் ஐந்தே நிமிடத்தில் ஜிப் மாற்றித் தந்தான்.

இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "போட்டியில் ஒரு தொழிலுக்குச் சாதகம் எங்கிருந்து வருகிறது?" மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு இந்த இரண்டு பட்டறைகளைப் பற்றிச் சொன்னேன். கேள்வி கேட்ட மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

சீட் கிடைத்துவிட்டது மக்களே. அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பேடா டப்பாவோடு நேராகச் சலீமிடம் போனேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்: "பாதிய எதுத்தாப்ல குடுத்துரு."

இரண்டு பட்டறைக்கும் மனசார நன்றி. வீடு வந்தபோது டப்பாவில் மிச்சம் இரண்டு பேடாதான். அம்மாவிடம் என்ன ஸ்ட்ராட்டஜி சொல்லலாம்? கமெண்டில் போடுங்கள்.