மணி அடிக்காத மத்தியானம்

சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறதைப் போல நன்றி கெட்ட வேலை நம் நாட்டில் இன்னொன்று இல்லை: பண்ணைக்காரன் அடிப்பான், பொலீசு பிடிப்பான், யாருக்காக அலைகிறோமோ அவனே நாயை அவிழ்த்துவிடுவான். நோட்டீசுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த நாளில், சோரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நான் கூலி. அங்கே சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறவனும் நானே. ஞானோபதேசப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டினேன். துண்டுப் பிரசுரத்தில் வாசிக்கக் கற்றேன். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, மடியில் நோட்டீசு. இரண்டையும் நான் மறைத்ததில்லை. பட்டணத்து ஆலைக்காரர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. சேற்றில் நிற்கிறவனுக்கு வரவில்லை. மத்தியானம் அரை மணி நேரம் கரையேறி உட்கார வேண்டும் என்று இரண்டு வருஷம் கேட்டேன். இரண்டு முறை உதை கிடைத்தது.

நிமிர்ந்தது

எங்கள் கோவிலில் மத்தியானம் திரிகால ஜெபத்துக்கு மணி அடிக்கும். சம்மனசு என்கிற தேவதூதர் மாதாவுக்கு மங்களம் சொன்னதை, கைவேலையை நிறுத்திவிட்டுச் சொல்கிற ஜெபம். அந்தப் பண்ணையில் முப்பது பேர் வேலை செய்தோம். அதில் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள் என்னோடு ஆறு பேர். மணி கேட்டால் குனிந்தபடியே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு களை பறிப்போம். வரப்பில் காரியக்காரன் நடேசன் குடை பிடித்து நிற்பான், அவனுக்குப் பயந்து. கூலியும் போய்விடும், ஜெபமும் போய்விடும் என்ற பயம் இருந்தால் ஜெபம்தான் முதலில் போகும்.

ஒரு நாள் எனக்கே என்மேல் வெட்கமாகிவிட்டது. மணி கேட்டது. எழுந்தேன். தலைத்துண்டை அவிழ்த்தேன். எல்லோரும் பார்க்கச் சிலுவை அடையாளம் வரைந்து, வாய்விட்டே சொன்னேன். மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். "இன்னாடா யாகப்பா, வானத்துல இன்னா தெரியிது?" என்று நடேசன் கத்தினான். நான் ஆமென் சொல்லிவிட்டுத்தான் குனிந்தேன். அப்போது பார்த்தால் அஞ்சலையும் நின்றுகொண்டிருந்தாள். அம்மன் கோவிலுக்குத் தீ மிதிக்கிறவள். பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "உங்க மாதா நல்ல மாதாப்பா. தெனமும் முதுக நிமித்தச் சொல்லுது. எங்க ஆத்தா வருசத்துக்கு ஒரு நாளுதான் கூழு ஊத்தச் சொல்றா."

கூட்டாத ஜெபம்

ஒரு மாதத்துக்குள் முப்பது பேரும் நின்றார்கள். நின்றால் நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான் லாபம். எங்களில் ஒருவன், "பிரார்த்தனை மாலையையும் சேர்த்துச் சொல்லு யாகப்பா, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம்" என்றான். மாட்டேன் என்றேன். ஜெபம் எவ்வளவோ அவ்வளவுதான். கள்ளத் தராசு வைத்திருக்கிறவர்களோடு சண்டை போடுகிறவன் ஜெபத்தில் கள்ளம் செய்யலாமா?

நான் கூட்டுகிறேனா என்று நடேசன் தினமும் காது கொடுத்துக் கேட்டான். ஒரு நாள் எனக்கு இருமல். நடுவில் ஒரு அடி விழுங்கிவிட்டுப் போனேன். வரப்பிலிருந்து குடைக்காரனின் குரல் வந்தது: "டேய், நடுவுல ஒண்ண வுட்டுட்டியே, சம்மனசு கோச்சிக்காதா?"

கழற்றாதது

பட்டணத்தில் சங்க ஆபீசில் ஒரு தலைவர் இருந்தார். சட்டையில் மடிப்புக் கலையாதவர். என்னைக் கூப்பிட்டு, கழுத்திலிருப்பதைக் கழற்றிவிட்டுக் கூட்டம் பேசச் சொன்னார். சாமி பேரைச் சொல்லித்தானே ஏழையை ஏய்க்கிறார்கள் என்றார். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைக் கண்டுதான் அந்த ஜனங்கள் என்னிடம் வந்தார்கள். இவன் குடிக்க மாட்டான், சொன்னால் மாற மாட்டான் என்று வந்தார்கள். இதைக் கழற்றினால் என் பேச்சும் கூடக் கழன்றுவிடும் என்றேன்.

சேற்றில் கால் வைக்காத அவருக்குப் பிற்காலத்தில் எத்தனையோ மாலை விழுந்தது. எனக்கு விழவில்லை, போகட்டும். அன்றைக்கு அவர் கடைசியில் கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "சரி தோழரே, மத்தியானம் மணி அடிக்கிற கோவில் இன்னும் எத்தனை ஊரில் இருக்கிறது?"

சாமியார் சொன்னது

கொம்யூன் மேர், அதாவது ஊராட்சித் தலைவர், எங்கள் பண்ணைக்காரருக்குச் சம்பந்தி. இரண்டு பேரும் கோவிலுக்கே போய், மத்தியான மணியை நிறுத்தினால் கூரைக்குப் புது ஓடு போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மழைக்காலத்தில் பீடத்தின் மேல் ஒழுகுகிற கூரை அது. பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். அச்சடித்தது போலத் தமிழ் பேசுவார். என்னை வரவழைத்து, "யாகப்பா, நீ நிற்பது சர்வேசுரனுக்காகவா, சங்கத்துக்காகவா?" என்றார். "முதுகைக் கொடுத்தவர் அவர்தானே சாமி, அவருக்கு முன்னால் அதை நிமிர்த்துகிறேன்" என்றேன்.

அவர் எங்கள் பக்கம் வந்து நின்றார் என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு பொலீசு என்னை இழுத்துப்போன அன்று அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஆனால் ஓடு வரவில்லை, மணியும் நிற்கவில்லை. போகச் சொல்லும்போது அவர் சொன்னது இதுதான்: "மணி அடிப்பிப்பது என் வேலை. நிற்பது உன் வேலை. இரண்டையும் குழப்பாதே."

கொடுத்த வாக்கு

கரும்பு வெட்டு வந்தது. முற்றிய கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. அரை மணி நேரம் கொடுக்காவிட்டால் கத்தியைத் தொட மாட்டோம் என்றோம். மூன்றாம் நாள் பண்ணைக்காரர் இறங்கி வந்தார். நடேசன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: மணி அடிக்காமல் வேதக்காரர்கள் ஆறு பேரும் நிமிர்வதில்லை, கரையேறுவதில்லை என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். மீறினால் ஏற்பாடு ரத்து. மற்றவர்களை அவன் கேட்கவேயில்லை. ஆறு பேரைக் கட்டினால் முப்பது பேரையும் கட்டினதாக அவன் கணக்கு.

ஜெயித்த தலைக்கனத்தில், எல்லோருக்கும் முன்னால் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். நடேசன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்: "வேதக்காரன் வாக்கு தவற மாட்டான்னு ஊரே சொல்லுது. பாக்கலாம்."

பெரிய வியாழன்

அடுத்த வாரமே சேசுநாதர் பாடுபட்டதை நினைக்கிற பெரிய வாரம். வியாழக்கிழமை காலைப் பூசையோடு, துக்கத்துக்காகக் கோவில் மணி ஊமையாகிவிடும். சனிக்கிழமைதான் திரும்பப் பேசும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம். வாக்குக் கொடுத்தபோது எனக்குத் தோன்றவில்லை. நடேசனுக்குத் தோன்றியிருந்தது.

உச்சி வெயில். கரும்புச் சோகை அறுத்துக் கையெல்லாம் எரிச்சல். முப்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு வெட்டினோம். மணி வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னா யாகப்பா, உங்க மணி ரோமாபுரிக்குப் போயிருக்குதாமே" என்றான் நடேசன். சாமியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை அது. "சனிக்கெழம வந்துரும். அதுவரைக்கும் வெட்டு." நிமிர்ந்தால் வாக்கும் போகும், இரண்டு வருஷத்துப் பாடும் போகும். நிமிராவிட்டால் என்னை நம்பி வந்தவர்கள் இனி என்னை எதற்கு நம்ப வேண்டும்? நான் நிமிரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். என் ஐந்து பேரும் வெட்டினார்கள்.

பின்னால் ஒரு கத்தி கீழே விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை நிமிர்ந்து நிற்கிறாள். "ஏய், மணி அடிக்கலடி" என்றான் நடேசன். "வாக்குக் குடுத்தவன் குனிஞ்சி வெட்றான் பாரு, கண்ணு தெரியில? நாங்க இன்னா குடுத்தோம் உனுக்கு? எங்களுக்கு இடுப்புதான் மணி" என்றாள். ஒவ்வொருவராக இருபத்துநான்கு பேரும் நிமிர்ந்தார்கள். அவள் இடது கையால் ஏதோ ஒரு சிலுவை போட்டாள். காதால் கேட்டே மனப்பாடமான, மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் தடுக்கிவிட்டது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வரப்பைப் பார்த்தாள்: "நீ சொல்லு நடேசா, உனக்குத்தான் ஒரு அடி வுடாம தெரியுமே!"

அவன் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை மணி வந்தது, ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் கரையேற, மணி அடித்ததா என்று யாரும், நடேசன்கூட, கேட்கவில்லை. நாற்பது மேடையில் பேசியிருக்கிறேன், மூன்று முறை சிறைக்குப் போயிருக்கிறேன், ஆனால் என் விசுவாசத்துக்கு நான் கொடுத்த ஆகப் பெரிய சாட்சி, அம்மன் கோவில் ஜனங்களெல்லாம் நிமிர்ந்து மாதாவைக் கூப்பிட்ட ஒரு மத்தியானத்தில், குனிந்த தலை நிமிராமல் கரும்பு வெட்டியதுதான்.