மொக்கைச்சாமியின் தொண்டை

"நாப்பத்தோரு வருசமா இந்தத் தொண்டையில ஒரு மாத்திரை எறங்குனதில்ல. இனியும் எறங்காது" என்று நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில், மல்லிகை மூட்டைகள் சாட்சியாக, வேன் டிரைவர் மொக்கைச்சாமி முழங்கியிருக்கிறார். காய்ச்சலுக்கு மிளகு ரசம், சுளுக்குக்கு எண்ணெய், மற்ற அனைத்துக்கும் திமிர். இதுவே அன்னாரின் சுகாதாரக் கொள்கை.

கொள்கைக்குச் சோதனை மனைவியின் ரத்தப் பரிசோதனை வழியாக வந்தது. அறிவுச்செல்வி, கணவனை இழந்தபின் இவரை மணந்தவர். முதல் கணவர் என்ன காய்ச்சலில் போனார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இந்த ஆவணியில் ரிப்போர்ட் சொன்னது: செல்விக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மொக்கைச்சாமிக்கு இல்லை. திண்டுக்கல் டாக்டர் விளக்கினார்: செல்வியின் மருந்து வேலைசெய்து கிருமி அடங்க ஆறு மாதம் ஆகலாம், அதுவரை தொற்று வராமலிருக்க இவரும் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும். அடுப்படியில் தனியாகப் பாய் போட்டிருந்த செல்வி, அந்த மாத்திரையை நம்பித்தான் பாயை உள்ளறைக்குக் கொண்டுவந்தார்.

மாத்திரையோ மொச்சைக்கொட்டை அளவு. மொக்கைச்சாமி அதை வாழைப்பழத்தில் ஒளித்துப் பார்த்தார். பழம் இறங்கியது, மாத்திரை திரும்பி வந்தது. திமிர் என்று ஊர் நினைத்தது உண்மையில் பயம். நான்காம் நாள் முதல் மாத்திரையை உள்ளங்கையில் பதுக்கி, வெறும் தண்ணீரைக் குடித்து, தொண்டையை ஆட்டிக் காட்டினார். பிறகு வேனுக்குப் போய், முருகன் படத்துக்குப் பின்னால் அதைப் பயபக்தியுடன் வைத்தார். டாக்டர் கொடுத்ததைக் குப்பையில் போடுவது பாவமல்லவா? மீதியைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. தெய்வத்திடம் சம்மதம் கேட்டதாகத் தகவல் இல்லை.

ஆயுத பூஜைக்கு வேனைக் கழுவிய செல்வி, துடைப்பதற்காகப் படத்தை எடுத்தார். விபூதி படிந்த பதினெட்டு மாத்திரைகள்.

அவர் கத்தவில்லை. மாத்திரைகளை மடியில் வைத்துக்கொண்டு, பதினெட்டு நாள், பதினெட்டு நாள் என்று வேன் படியில் உட்கார்ந்து முனகினார். பிறகு உள்ளே போய்த் துணிப்பையில் சேலைகளை அடுக்கினார்.

"ஏத்தா, எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்த மனுசனும் இதையேதான் சொன்னாரு. ஒருத்தரக் குளிப்பாட்டி அனுப்புனது போதுங்க. இன்னொருக்க என்னால ஏலாது."

விடுமுறை முடிந்ததும் இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். இப்போதைக்குத் தொற்று தெரியவில்லை, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி, மாத்திரையை இன்றே தொடங்குங்கள் என்றார் டாக்டர்.

பாய் அடுப்படிக்குத் திரும்பியது. துணிப்பை கட்டியபடியே கதவோரம் இருந்தது. செல்வி புறக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, மொக்கைச்சாமி ஒரு செம்புத் தண்ணீரோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முதல் தடவை மாத்திரை திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை, கண்ணில் நீர் முட்ட, இறங்கியது.