பீடியை விட்ட சேகரனும் அவருடைய நரம்பு செல்களும்

மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் சேகரன் பீடியை விட்டு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. தினம் ஒரு கட்டு என்று முப்பது வருஷம் ஊதித் தள்ளிய மனுஷர். இதற்கு முன்பும் பதினோரு தடவை விட்டிருக்கிறார். விடுவதில் அனுபவம் போதாது என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தத் தடவை மனைவி பஞ்சவர்ணம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ வாயில அந்த நாத்தம் வந்துச்சுன்னா, நான் ஹனூருக்கு அண்ணன் வூட்டுக்குப் போயிருவனுங்க. சோத்த நீங்களே ஆக்கிக்குங்க."

சொன்னால் செய்கிறவள். பரண்மேலிருந்து பெட்டியை இறக்கியும் வைத்துவிட்டாள்.

வாயில் ஏலக்காயும் மனதில் பீடியுமாக அவர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விஷயம் காதில் விழுந்தது. போன வருஷம் ஆராய்ச்சி மாணவி வினிதா அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தாள். அந்த ரத்த செல்களை நரம்பு செல்களாக மாற்றி வளர்த்து, தட்டுகளில் வைத்து, தினமும் காலை பத்து மணிக்கு நிகோடின் விடுகிறாளாம். நேராகப் போய் நின்றார்.

"ஏனம்மணி, நான் இங்க ஏலக்கா மென்னு தாடை வீங்கிக் கெடக்கறேன். என்ற நரம்புக்கு உள்ளார உக்கார வெச்சு ஓசியில ஊத்தறயா? அதான் பத்து மணியானா எனக்குக் கை நடுங்குது."

"அய்யோ சேகரண்ணா, உங்களுக்கும் அதுக்கும் இப்ப கனெக்‌ஷனே இல்ல. கொஞ்சம் இங்க பாருங்க," என்று வினிதா மூன்று தட்டுகளைக் காட்டினாள். "இதுக்கு நிகோடினே காட்டல. இதுக்கு தினமும் உண்டு. செல்லுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கு. நிகோடின் பட்டா சிலது ஓவரா வேல செய்யுது, சிலது கம்மியா செய்யுது. நிறுத்தினா பழையபடி ஆகுதான்னு பாக்கத்தான் மூணாவது தட்டு. அதுக்கு முந்தாநாள் நிறுத்திட்டேன்."

சேகரனின் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மூன்றாவது தட்டு அவருடைய கட்சி. அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் கேள்வி, "நம்மாளுங்க தாக்குப் பிடிக்கறாங்களா அம்மணி?" என்பதுதான்.

"அவங்களுக்கு மெல்றதுக்கு ஏலக்காகூட இல்ல, பாவம்," என்று வீட்டிலும் உருகினார்.

"அவங்க டீக்கடப் பக்கம் போறதில்லீங்களே," என்றாள் பஞ்சவர்ணம்.

யாருக்கும் சொல்லாமல் மனுஷர் ஒரு முடிவும் எடுத்து வைத்திருந்தார். அவர்கள் தேறினால் தானும் விட்டது விட்டதுதான். தேறாவிட்டால் நேரே பெட்டிக்கடை.

பீடியை விட்ட நாற்பதாம் நாள் வினிதா ஒரு தாளோடு வந்தாள். "முக்கால்வாசி ஜீன் பழையபடி ஆயிருச்சண்ணா. கொஞ்சம் மட்டும் இன்னும் திரும்பல."

"அது எப்பத் திரும்பும்?"

"தெரியல."

"இன்னொரு பத்து நாள் வெச்சுப் பாரேன் அம்மணி."

வினிதா தயங்கினாள். "முடியாதண்ணா. ஜீன் எவ்வளவு வேல செய்யுதுன்னு தெரியணும்னா செல்ல உடைச்சுத்தான் பாக்கணும். மூணு தட்டும் முடிஞ்சுபோச்சு."

சேகரன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குடிக்காதவனும் போனான், குடித்தவனும் போனான், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டவனும் போய்ச் சேர்ந்தான். அப்புறம் விட்டு என்னத்தைக் கண்டார்கள்? கால் தானாகவே எதிர்ச்சாரிப் பெட்டிக்கடைக்கு நடந்தது.

கடைக்காரர் தொட்டையன் இருபது வருஷப் பழக்கம். கேட்காமலே ஒரு பீடிக்கட்டை எடுத்து வைத்தார். சேகரன் அதைக் கையில் எடுத்தார். கண் கலங்கியிருப்பதைப் பார்த்த தொட்டையன், வீட்டில் ஏதாவது கெட்டதா என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"நம்மாளுங்கதான்," என்று சேகரனும் கன்னடத்திலேயே சொன்னார். "எங்கூடச் சேந்து பீடிய விட்டவங்க. மொத்தமாப் போயிட்டாங்க. மிச்சம் நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கட்டை மெதுவாகத் தொட்டையன் பக்கம் தள்ளினார்.

"எடுத்து வைப்பா. நானும் குடிச்சுட்டா, அந்தக் கொஞ்சம் ஜீன் திரும்புதா இல்லையான்னு யார் பாக்கறது?"