எழுநூறு மெகாபைட்டுக்குள் அடங்காத குரல்

போன கிழமை என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன். இறக்கிய கோப்பு எத்தனை ஜிகாபைட் என்றுகூடப் பார்க்கவில்லை. விரல்நகம் அளவு யுஎஸ்பியில் ஏற்றிய பிறகும் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் வாசம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அதன் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே எங்கள் கணினி வகுப்பு. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாவலப்பிட்டியிலிருந்து ரயிலேறி வரும் நான் அங்கே உதவிப் போதனாசிரியர். பெயர்தான் பெரிது, கீழேயிருந்து வரும் மீன்பாண் வாசத்தில் பசியோடு உட்கார்ந்திருப்பதுதான் முக்கிய வேலை. என்னோடு படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு யாரோ பழைய கணினிகள் கொடுத்திருந்தார்கள். பலவற்றில் வன்தட்டே செத்துப்போயிருந்தது. சீடியைப் போட்டால் அதிலிருந்தே ஓடுகிற லினக்ஸ் ஒன்றைத் தமிழில் செய்து கொடுப்போம் என்று அக்கா தொடங்கினார். பிள்ளைகளுக்காகச் சில கதைகளைத் தானே வாசித்துப் பதிந்தும் சேர்த்தார். மழை பெய்த ஒரு பின்னேரம் பதிந்ததால், கதைக்குப் பின்னால் தகரத்தில் மழை கேட்டுக்கொண்டே இருக்கும். காட்டில் வழி தவறிய முயல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகும். அதைக் கேட்டபடி நான் எத்தனையோ தடவை கண்ணை மூடியிருக்கிறேன்.

எல்லாம் சேர்ந்தபோது சீடியின் எழுநூறு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. டிவிடியில் போடலாமே என்றேன். அந்தக் கணினிகள் சீடி மட்டும்தான் வாசிக்கும் என்றார் அக்கா. படங்களை எடுத்தோம். சீட்டு விளையாட்டை எடுத்தோம். அதில் எனக்குத்தான் துக்கம். அப்போதும் அளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. சீடியில் தமிழோடு சிங்களமும் வைத்திருந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் எதற்கு, அதை எடுத்துவிடுவோம் என்று பெரிய புத்திசாலிபோல் சொன்னேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“செக்பொயின்ற்றில ஆமிக்காரங்கள் போட்டுப் பாப்பாங்கள். முழுக்கத் தமிழெண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? என்ர குரலை எடுத்துவிடும், தம்பி.”

யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டையோடு பை நிறைய சீடி கொண்டுபோகிறவர் அவர்தான். அக்கா வாசித்த கதைகளை நான் எடுத்தேன்.

சீடிகளைக் கொண்டுபோன அன்று கட்டுகஸ்தோட்டையில் படையினர் பஸ்ஸை மறித்து, அக்காவை மட்டும் இறங்கச் சொன்னார்கள். நானும் இறங்கினேன். காவலரணில் இருந்த கணினியில் ஒரு சீடியைப் போட்டார்கள். திரையில் சிங்களம் வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைச் சிங்களத்தில் தட்டினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு “ஹொந்தாய்”, நல்லது என்று சொல்லிப் பையை அக்காவிடம் கொடுத்தான். பஸ்ஸில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சண்டை முடியுமுன்பே அக்கா வெளிநாடு போய்விட்டார். எங்கே என்று தெரியாது. கதைகள் இருந்த வகுப்புக் கணினி பழைய இரும்போடு போனது. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. சீடி போடுகிற வாயே என் மடிக்கணினியில் இல்லை.

யுஎஸ்பியில் இன்னும் எத்தனையோ கதைக்கு இடம் கிடக்கிறது. அந்த முயலை மழையில் நனைய நனைய வீட்டுக்குக் கூட்டிப்போன குரல்தான் இல்லை.